புள்ளிக்கு முன்னால் எந்த டைப்?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், சென்ற வாரம் சி++ மொழியில் ஒரு ராப்பர் கிளாஸ் (வேறொரு பொருளை உள்ளே வைத்துச் சுற்றிக்கொள்ளும் வகை) எழுதினார். அம்புக்குறி ('->') ஆப்பரேட்டரை ஓவர்லோட் செய்த, அதாவது தன் கிளாஸுக்கென அதற்குப் புதுப் பொருள் எழுதிய கையோடு புள்ளியையும் செய்துவிடலாம் என்று முயன்றிருக்கிறார். '.' டோக்கனுக்கு (நிரலின் மிகச் சிறிய துண்டுக்கு) முன்னால் டைப்-ஸ்பெசிஃபையர் (ஒரு டைப்பின் பெயர்) ஒன்றை எதிர்பார்த்ததாக ஜிசிசி கம்பைலர் பிழை காட்டியது. அவர் அரை மணி நேரம் ரிட்டர்ன் டைப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். செய்தியில் பொய் இல்லை. ஆனால் புள்ளியை ஓவர்லோட் செய்ய மொழியே இடம் தரவில்லை என்ற, அவருக்குத் தேவைப்பட்ட ஒரே தகவலும் அதில் இல்லை.

'ஆப்பரேட்டர்' என்ற கீவேர்டை அடுத்து '+' போன்ற குறியும் வரலாம், 'இன்ட்' போன்ற டைப்பும் வரலாம். பின்னது கன்வர்ஷன் ஃபங்ஷன், அதாவது ஒரு கிளாஸின் பொருளை அந்த டைப்புக்கு மாற்றித் தரும் ஃபங்ஷன். ஜிசிசியில் நிரலின் இலக்கணத்தைப் படிக்கும் பகுதியான பார்சர் முதலில் குறி இருக்கிறதா என்று தற்காலிகமாகப் படித்துப் பார்க்கிறது. அது தோற்றால், அங்கே எழுந்த பிழையை ஓசையின்றி விழுங்கிவிட்டு, இது கன்வர்ஷன் ஃபங்ஷனாகத்தான் இருக்க வேண்டும் என்று டைப்பைத் தேடப் போகிறது. நம் திரையில் விழுவது இந்த இரண்டாவது தோல்வியின் புலம்பல். மாறாக, இரண்டு 'இன்ட்'களுக்கான கூட்டலை ஓவர்லோட் செய்ய முயன்றால், கிளாஸ் அல்லது எனம் வகை ஆர்குமென்ட் ஒன்றாவது வேண்டும் என்று இதே கம்பைலர் பளிச்சென்று சொல்கிறது. அங்கே பார்சிங் தடையின்றி முடிந்து, விதியைச் சரிபார்க்கும் கட்டம் வரை நிரல் போய்விடுகிறது.

ஜிசிசியில் இந்தச் செய்தியைத் திருத்துவது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. '.', '.*', '?' ஆகியவற்றில் எந்த டைப்பும் தொடங்காது என்பதால், இரண்டாவது முயற்சிக்குப் போகும் முன்பே இவற்றைப் பிடித்து, "இந்த ஆப்பரேட்டரை ஓவர்லோட் செய்ய முடியாது" என்று நிறுத்திவிடலாம். ஏன் முடியாது என்ற விளக்கம் செய்தியில் வேண்டாம் என்பது என் கட்சி, நிபந்தனையைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் '?:' ஃபங்ஷனாகிவிட்டால் இரு கிளைகளில் ஒன்று மட்டுமே இயங்கும் என்ற உறுதி போய்விடும் என்பதையெல்லாம் பிழைச்செய்தியில் வைத்துப் பாடம் எடுக்க முடியாது.

சிக்கல், ஒரு பெயர் எந்த ஸ்கோப்பைச் (வரம்பைச்) சேர்ந்தது என்று காட்டும் '::' குறியில்தான் இருக்கிறது; அதையும் ஓவர்லோட் செய்ய முடியாது. ஆனால் குளோபல் ஸ்கோப்பில் (எதற்குள்ளும் அடங்காத வெளி வரம்பில்) உள்ள ஒரு கிளாஸுக்கு மாற்றும் கன்வர்ஷன் ஃபங்ஷனை எழுதும்போது, கீவேர்டை அடுத்து '::' வருவது முற்றிலும் சரியான நிரல். ஆகவே அதைக் கண்டவுடன் பிழை என்று கத்தாமல், அடுத்த டோக்கனையும் எட்டிப்பார்த்து, அது '(' ஆக இருந்தால் மட்டுமே புதிய செய்தியைக் காட்ட வேண்டும்.