சிரிப்புரை

மார்ச் 3, 2024, ஞாயிறு

நேற்று மேடையில் அப்பாவைப் பற்றிய துணுக்கு படுத்துவிட்டது. "எங்கப்பா எதையும் தலைகீழாத்தான் படிப்பார்" என்றேன். சபையில் ஓர் இருமல், அவ்வளவுதான். அப்பா கம்பாசிட்டர், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கம்பாசிட்டர் என்றால் யாரென்றே தெரியவில்லை. ஈய எழுத்தில் உரு இடவலம் மாறியிருக்கும், அதைத் தலைகீழாக அடுக்கி அப்படியே வாசிக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, இப்போது சிரியுங்கள் என்றால் யார் சிரிப்பார்?

மார்ச் 5, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. காதில் டிரெடில் சத்தம், காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்.

பகலெல்லாம் எழுத்துக் கோப்பவர், ராத்திரி டிரெடிலையும் அவரே மிதிப்பார். தாள் கட்டின் மேல் உட்கார்ந்து நான் எண்ணுவேன். இயந்திரம் வாயைத் திறக்கும். வலது கை புதுத் தாளை வைக்கும், இடது கை அச்சானதை உருவும். வாய் மூடுவதற்குள் இரண்டு கையும் வெளியே வந்தாக வேண்டும். அப்பாவின் இடது நடுவிரலில் கடைசிவரை நகம் முளைக்கவில்லை. மேடையில் 'டைமிங்' பற்றி யாராவது பாடம் எடுத்தால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

மார்ச் 9, சனி

மௌனப்படக் கால நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனைப் பற்றிப் படித்தேன். 1895இல் பிறந்தவர். சின்னப் பையனான அவரை மேடையில் தூக்கி எறிவதுதான் அவர் அப்பாவின் நிகழ்ச்சியே. வாகாகப் பிடிக்க உடுப்பில் கைப்பிடி வேறு. பையன் சிரித்தால் சபை அவ்வளவாகச் சிரிக்காது. உம்மென்று இருந்தால்தான் சிரிப்பு.

என் அப்பா எறிந்தது ஒரே ஒரு செருப்பு, அதுவும் குறி தப்பியது. ஆனால் அந்த உம்மென்ற முகம் அப்படியே அவருடையது.

ஒருமுறை கூட்ட நோட்டீஸில் 'சிறப்புரை' என்பது 'சிரிப்புரை' ஆகிவிட்டது. ஓர் எழுத்துதான். ஐந்நூறும் அடித்து முடித்த பிறகுதான் பார்த்தார்கள். தாள் காசு சம்பளத்தில் பிடித்தம். விடிய விடிய மறுபடி மிதித்தார். வீணான தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, நடுவில் தைத்து, "கணக்குப் போட்டுக்கோ" என்று கொடுத்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அந்த வருஷம் முழுக்க என் பெருக்கலுக்குப் பின்னால் சிரிப்புரை.

மார்ச் 10, ஞாயிறு

அம்மாவிடம் போனில் கேட்டேன், அன்றைக்கு அப்பா நிஜமாகவே சிரிக்கவில்லையா என்று.

"உனக்கென்னடா தெரியும்? விளக்கை அணைச்சதும் போர்வைக்குள்ள குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். நீ முழிச்சுக்கப் போறேன்னு வாயைப் பொத்திக்கிட்டு."