தலங்கம குளத்தடியில ரெக்கோடர் கட்டிப் பாத்த அனுபவம்

வெள்ளவத்தையில மாடி வீட்டில இருந்தா காகம், குயிலை விட்டா வேற ஒண்டும் பெரிசாக் கேக்காது. அதால கொழும்புக்குக் கிட்ட, தலங்கம குளத்தடியில சிநேகிதன்ர வீட்டுப் பின்வளவில, பலாமரத்தில ஓடியோமொத் எண்ட ஒலி பதியிற கருவி ஒண்டைக் கட்டி விட்டிருக்கிறன். உள்ளங்கைக்குள்ள அடங்கிற சாமான், மூண்டு பென்டோர்ச் பற்றரி, ஒரு மைக்ரோ எஸ்டி காட், அவ்வளவு தான். மழைக்குச் சிப்லொக் பை. பையை இறுக்கி ஒட்டோணும், தொளதொளவெண்டு விட்டா காத்துக்குச் சரசரக்கிறது தான் முழுக்கப் பதியும்.

ஒலியைச் செக்கனுக்கு எத்தினை தரம் அளந்து பதியிறது எண்டு ஒரு செட்டிங் இருக்கு, பறவைக்கு 48 கிலோஹேர்ட்ஸ், அதாவது 48,000 தரம், தாராளம். விடாம எடுத்தா மணித்தியாலத்துக்கு 345 எம்பி போகும், அதால பத்து நிமிசத்துக்கு ஒரு நிமிசம் எண்டு வச்சன், ஒரு நாளைக்கு 830 எம்பி அளவில முடிஞ்சிடும்.

நான் தேடினது ஆறுமணிக்குருவியை. இந்தியாவில இருந்து மாரிக்கு வந்து சித்திரை மட்டில திரும்புற குருவி, பத்தைக்குள்ள நிலத்தில திரியுறதால கண்ணில படுறது குறைவு, சத்தம் தான் அடையாளம். ஃபைல் பேரில நேரம் யூடிசி எண்ட உலகப் பொது நேரத்தில தான் விழும், எங்கட நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கூட்டோணும். அப்ப பின்னேரம் ஆறு மணிக்கு 123000 எண்டு முடியிற ஃபைலைத் திறக்கோணும். திறந்து ஓடாசிட்டி எண்ட ஒலி மென்பொருளில ஸ்பெக்ட்ரோகிராமா, அதாவது சத்தத்தைப் படமாக் காட்டுற மாதிரி, போட்டா, வாகன இரைச்சலுக்கு மேல, பக்கத்தில பக்கத்தில ரெண்டு சின்னக் கோடு, இடைவெளி விட்டுத் திரும்ப ரெண்டு கோடு. அது தான் ஆள்! எனக்கு உண்மையா நெஞ்சு அடிச்சுது.

எல்லாத்தையும் காதால கேக்க ஏலாது, அதால சத்தத்தை வச்சுப் பறவையைக் கண்டுபிடிக்கிற பேர்ட்நெட் மென்பொருளில போட்டன், அது அமெரிக்காவில கொர்னெல் பல்கலைக்கழக ஆக்களும் ஜேர்மனியில கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேந்து செய்தது. 3 செக்கன் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்டுக்கும் பேரும் நம்பிக்கைப் புள்ளியும் தரும். இடத்தையும் வாரத்தையும் கட்டாயம் குடுங்கோ, இல்லாட்டி இந்தப் பக்கமே வராத பறவையெல்லாம் லிஸ்ட்டில வரும். குடுத்தாலும் புள்ளியை மட்டும் நம்பி எழுதிப்போடாதேங்கோ, ஒவ்வொரு பறவைக்கும் கொஞ்சத் துண்டாவது நீங்களே கேட்டுப் பாக்கோணும்.

எனக்கு முக்கியமாப் பட்டது வேற விசயம். செண்பகத்தின்ர ஊப் ஊப்பும் புள்ளிப்புறாவின்ர குரலும் சுருதியில 1 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழ தான் கிடக்கு, வாகன இரைச்சலும் அதே இடத்தில தான். வேலைக்குப் போற நேரம் லிஸ்ட்டில செண்பகம் குறையுது, அதே வளவில ஞாயிற்றுக்கிழமை விடிய நல்லா வருது. பறவை குறைஞ்சுதா இல்லை எங்கட சத்தம் மூடிட்டுதா எண்டு பிரிச்சுப் பாக்காம, இங்க செண்பகம் இல்லை எண்டு ஆரும் முடிவெடுத்தாப் பெரிய அநியாயம். 2018ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்ர கீழ ஈரநில நகரம் எண்டு பேர் எடுத்த கொழும்பில இதைக் கவனமாச் செய்யோணும்.

இன்னொண்டு, வீட்டு ஆக்கள் கதைக்கிறதும் பதியும். அவையிட்ட முதலே சொல்லித்தான் வச்சனான், குரல் வாற ஃபைலை உடனே அழிச்சிடுவன்.

சித்திரை முடியும் வரைக்கும் இதே மரத்தில, இதே செட்டிங்கில விடப்போறன், குருவி கடைசியாக் கத்தின திகதி கிடைக்கும். பிறகு பதியிற செட்டிங்கை 250 கிலோஹேர்ட்ஸில வச்சு வௌவால் பக்கம் போகலாம்.