முதலில் நிலம், அப்புறம் கடல்: அலாஸ்காவுக்கு ஒரு கூட்டத்தோடு போய்வந்த அனுபவம்

அலாஸ்காவைக் கப்பலில் மட்டும் பார்த்துவிட்டு வருவது எளிது. சியாட்டிலில் ஏறினால் ஏழு இரவு கழித்து அங்கேயே இறங்கிவிடலாம். ஆனால் அதில் கிடைப்பது தென்கிழக்குக் கரையோரம் மட்டும்தான். டெனாலி மலையும், அதைச் சுற்றியுள்ள, மரம் வளராத துந்திர வெளியும், கரடியும் கரிபூ மானும் திரியும் பள்ளத்தாக்குகளும் கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே இருக்கின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் 'க்ரூஸ்டூர்' போக வேண்டும். ஒரு வாரம் கப்பல், அதற்கு முன்போ பின்போ சில நாட்கள் ரயிலும் பேருந்தும்.

எங்கள் கூட்டம் கோவையில் ஒன்றாகப் படித்த நண்பர்களின் ஆறு குடும்பங்கள். நியூஜெர்சி, டெக்ஸஸ், கலிஃபோர்னியா என்று மூன்று மூலையில் இருக்கிறோம். பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள் எல்லாரையும் சேர்த்தால் இருபது பேருக்கு மேல். ஏற்பாட்டை நான் ஏற்றுக்கொண்டேன். இப்படிப் போக நினைக்கும் பலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

தேதி குறிப்பதிலேயே பாதி உயிர் போனது. அலாஸ்காவின் கப்பல் பருவம் ஏப்ரல் கடைசி, மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரை. எனக்கு ஆகஸ்ட் கடைசியில் போக ஆசை. அப்போது துந்திரம் செம்மை ஏறிக் கிடக்கும், கொசு குறைந்திருக்கும், இரவு மறுபடி இருட்டத் தொடங்குவதால் உள்நாட்டு நகரமான ஃபேர்பேங்க்ஸில் வடதுருவ ஒளி தெரியவும் வாய்ப்பு உண்டு. ஆனால் டெக்ஸஸில் ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும். நியூஜெர்சியில் ஜூன் மூன்றாம் வாரம் தாண்டித்தான் விடுமுறையே. இரண்டுக்கும் நடுவே கிடைத்தது ஜூலை. சரி, கொசுவலைத் தொப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த கேள்வி, நிலம் முதலிலா கடல் முதலிலா. இதில் நான் பிடிவாதமாக நின்றேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். பெரியவர்கள் கூட வந்தால் நிலம்தான் முதலில். நிலப்பகுதியில் ஓரிரண்டு நாளுக்கு ஒருமுறை விடுதி மாறும். அதிகாலையில் பேருந்து, முந்தைய இரவே பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும், ரயிலில் முழுப் பகல் உட்கார வேண்டும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். கப்பலில் ஏறிவிட்டால் ஒரே அறை, ஒரே கட்டில், ஊர்கள் தானாக வரும். மாற்றிச் செய்தவர்கள் கப்பல் சுகம் பழகிய பிறகு அதிகாலைப் பேருந்துக்கு எழுந்த கதையைச் சொன்னார்கள். அதனால் ஃபேர்பேங்க்ஸில் தொடங்கி, டெனாலி வழியாகத் தெற்கே வந்து, விட்டியர் துறைமுகத்தில் கப்பலேறி, வான்கூவரில் இறங்குவது என்று முடிவானது.

வான்கூவர் என்றதுமே எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அமெரிக்காவில் ஏறி எதற்குக் கனடாவில் இறங்க வேண்டும், கப்பலைச் சியாட்டிலுக்கே விடக்கூடாதா? விடமுடியாது. 1886-இல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பதிவான கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் அப்படியே இறக்கிவிட்டுப் போக முடியாது. பெரிய சொகுசுக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. ஆகவே ஒருவழிப் பயணத்தின் மறுமுனை வான்கூவர். கொரோனாவின்போது கனடா தன் துறைமுகங்களை மூடியதால், 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனியாக ஒரு தற்காலிகச் சட்டம் போட்ட பிறகுதான் அலாஸ்காவுக்குப் பெரிய கப்பல்களே போக முடிந்தது.

இந்தச் சட்டம் எங்கள் கூட்டத்துக்கு நேரடித் தலைவலி. எங்களில் அமெரிக்கக் குடிமக்கள் உண்டு, கிரீன் கார்டு உண்டு, ஹெச்1பி உண்டு, சுற்றுலா விசாவில் வந்த பெற்றோர் உண்டு. முதலில் பேசிய ஒரு பயண முகவர், "அமெரிக்க விசா இருந்தால் போதும் சார், கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அடித்துச் சொன்னார். கனடா அரசின் தளத்தில் பார்த்தால் விஷயம் வேறு. கிரீன் கார்டுக்காரர்களுக்குக் கனடா விசா வேண்டாம், அந்த அட்டையும் பாஸ்போர்ட்டும் போதும். இந்திய பாஸ்போர்ட்டோடு ஹெச்1பியிலோ சுற்றுலா விசாவிலோ இருப்பவர்களுக்குக் கனடா விசா கட்டாயம். சில நாட்டவர்கள் அமெரிக்க விசா இருந்தால் கனடாவுக்கு ஆன்லைன் அனுமதியோடு விமானத்தில் போகலாம், அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அந்த முகவரை விட்டுவிட்டோம்.

ஆகவே கப்பலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பெற்றோர்களின் விசா வேலையைத் தொடங்கினோம். அவர்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அங்கேயே விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, பாஸ்போர்ட்டில் ஒட்டி வாங்கிவிட்டார்கள். கட்டணம் ஆளுக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. பலமுறை நுழையும் விசா, பாஸ்போர்ட் காலம் வரை கிடைத்தது. ஹெச்1பி நண்பனுக்கு இன்னொரு சிக்கல்: அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தது, அமெரிக்காவில் தங்க அனுமதிக்கும் ஐ-94 பதிவு மட்டும் செல்லுபடியில் இருந்தது. கனடாவுக்குப் போய் 30 நாளுக்குள் திரும்பினால், அங்கே புது விசாவுக்கு விண்ணப்பிக்காத வரை, பழைய முத்திரையோடே உள்ளே வர ஒரு விதி இருக்கிறது. வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்தபின் ஐ-94, ஹெச்1பி ஒப்புதல் கடிதமான ஐ-797 இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தொல்லை. ஊரிலிருந்து வந்த மூன்று பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அவர்கள் முழுப்பெயரும் குடும்பப்பெயர் இடத்தில் ஏறி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும். விமானம், கப்பல், ரயில், காப்பீடு நான்கிலும் நாலு விதமாகப் பதிவானால் துறைமுகத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயரையும் எந்தக் கட்டத்தில் எப்படி நிரப்ப வேண்டும் என்று எழுதி, எல்லாப் பதிவுக்கும் அதையே பார்த்து நிரப்பினோம். கப்பல் நிறுவனத்தின் குழுப் பிரிவுக்கு போன் போட்டு, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துக்காட்டச் சொல்லிச் சரிபார்த்தேன். முக்கால் மணி நேரம் பிடித்தது.

பதிவை எப்படிச் செய்வது என்பதிலும் இரண்டு கட்சி. கப்பலை மட்டும் வாங்கிக்கொண்டு உள்நாட்டில் வேன் எடுத்து நாமே ஓட்டலாம் என்றார்கள் சிலர். செலவு நிச்சயம் குறையும். ஆனால் பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா போன்ற நிறுவனங்களுக்கு டெனாலி பக்கம் சொந்த விடுதிகளும் கண்ணாடிக் கூரை போட்ட ரயில் பெட்டிகளும் உண்டு. ரயில் தாமதமானால் கப்பலும் அவர்கள் பொறுப்பு. பெரியவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, கப்பல் புறப்படும் நாளில் நாமே வேன் ஓட்டி விட்டியருக்குப் போவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கியது. அந்த ஊருக்கு ஒரே தரைவழி, சுமார் 4 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். ஒற்றைத் தடம். ரயிலும் காரும் அதையே பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொரு திசைக்கும் நேரம் ஒதுக்கித்தான் விடுவார்கள். முழுத் தொகுப்பாகவே எடுத்தோம்.

குழுவாகப் பதிவு செய்வதில் ஒரு லாபம் உண்டு. பொதுவாக எட்டு அறையோ அதற்கு மேலோ எடுத்தால் அது குழு. பதினாறு பேர் முழுக்கட்டணம் கட்டினால் ஒருவர் கட்டணத்தைக் கழித்துத் தருவது வழக்கம். ஒரே அறையில் மூன்றாவது நான்காவது ஆளாக வரும் குழந்தைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழுவுக்கென்று ஒதுக்கி, நாம் நிரப்பாத அறைகளை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளும் தேதியும் ஒப்பந்தத்தில் இருக்கும். "யோசித்துச் சொல்றேன்" என்று இழுக்கும் நண்பர்களுக்கு நான் அந்தத் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு தேதியைச் சொன்னேன்.

அறைத் தேர்வில், பெற்றோர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு அருகே போட்டோம். உள்வழிப் பாதை தீவுகளுக்கு இடையே அமைதியாகப் போகும், அலாஸ்கா வளைகுடாவைத் தாண்டும்போது மட்டும் ஆட்டம் இருக்கும். எந்தப் பக்கத்து பால்கனி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பனியாற்றின் முன் கப்பலைத் திருப்பி இரண்டு பக்கமும் காட்டுகிறார்கள்.

காப்பீட்டில் ஒரு விஷயம். பெற்றோர் அமெரிக்கா வரும்போது எடுக்கும் காப்பீடு கப்பலிலும் கனடாவிலும் செல்லுமா என்று பார்க்க வேண்டும். அவசரத்துக்கு ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ எடுத்துப்போகும் செலவும் அதில் அடங்க வேண்டும். இதற்கென்று தனியாக ஒன்று எடுத்தோம்.

சாப்பாடு நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. கப்பலில் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால், இரவுச் சாப்பாட்டின்போதே தலைமைப் பரிமாறுபவர் வந்து அடுத்த நாளைக்கு என்ன சைவம் வேண்டும் என்று கேட்டுப்போனார். பருப்பும் சோறும் தட்டாமல் கிடைத்தன. அரிசிக் குக்கர், கெட்டில் எல்லாம் கப்பலில் ஏற்றவிடமாட்டார்கள், வீட்டில் சமைத்த சாப்பாடும் கூடாது. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பருப்புப்பொடியும் ஊறுகாயும் போயின. கஷ்டம் டெனாலியில்தான். பூங்கா வாசலில் உணவகங்கள் உண்டு, பெரிய மளிகைக் கடை கிடையாது. ஃபேர்பேங்க்ஸில் இறங்கிய அன்றே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்த் தயிர், ரொட்டி, பழம், உடனடி ஓட்ஸ் என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அப்புறம் டெனாலி. பூங்காவுக்குள் ஒரே சாலை, 92 மைல். சொந்த வண்டிக்கு முதல் 15 மைல்தான் அனுமதி, அதற்குமேல் பூங்காப் பேருந்து. 2021 ஆகஸ்டில் 45-வது மைல் அருகே பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் சரிவு வேகமாக நகரத் தொடங்கிச் சாலை மூடப்பட்டது. அடியிலிருந்த பனி வெப்பத்தில் இளகி, மலைச்சரிவே சாலையோடு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. நாங்கள் போனபோது பேருந்துகள் 43-வது மைலோடு திரும்பின. அதனால் ஒன்றும் குறையவில்லை. என் அத்தை எழுபதைத் தாண்டியவர், ஜன்னலோரம் பைனாகுலரோடு உட்கார்ந்தவர் யாருக்கும் தரவே இல்லை. எதிர்மலையில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தவை டால் செம்மறிகள் என்று முதலில் கண்டவர் அவர்தான். சாலைக்குக் கீழே ஆற்றுமணலில் ஒரு தாய்க்கரடி மண்ணைப் பறித்து வேரைத் தின்றுகொண்டிருந்தது, பக்கத்தில் இரண்டு குட்டிகள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். இருந்த குழந்தைகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

மலை முதல் நாள் தெரியவில்லை. 6,190 மீட்டர் உயரம், தன் மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தெரியும் என்பார்கள். டல்கீட்னா பக்கத்து விடுதியில் ஒரு இரவு சேர்த்துக்கொண்டது அதற்காகத்தான், தெற்கிலிருந்து இன்னொரு வாய்ப்பு. காலை ஐந்து மணிக்கு வரவேற்பறையிலிருந்து போன் வந்தது. கேட்டிருந்தால் மலை தெரியும்போது எழுப்பிவிடுகிறார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் மாடத்துக்கு ஓடினோம். அடிவாரம் முதல் உச்சி வரை ரோஸ் நிறத்தில் நின்றது. திட்டத்தில் எந்த நாளை வெட்டினாலும் அந்த இரவை மட்டும் வெட்டாதீர்கள்.

கப்பல் பகுதியில் நான் போராடி வாங்கியது கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடா உள்ள பயணம். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அங்கே அனுமதி என்பதால் எல்லாப் பயணத்திலும் அது இருக்காது. பூங்கா ரேஞ்சர்களே கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். 1794-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடாவே கிடையாது, கரையில் ஒரு சிறு பள்ளமும் பனிச்சுவரும்தான். அந்தப் பனி 100 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்ட தண்ணீரில்தான் நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். இதைக் கேட்டதும் பிள்ளைகள் அவ்வளவு பேரும் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஸ்காக்வே என்ற துறைமுக ஊரில் 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த வைட் பாஸ் மலைரயில் ஓடுகிறது. தங்கம் தேடிப்போன கூட்டத்துக்காகப் போட்டது. கனடாவுக்குள் இறங்கும் நீண்ட பயணமும் உண்டு, உச்சி வரை போய் வண்டியைவிட்டு இறங்காமலே திரும்புவதும் உண்டு. விசாச் சிக்கல் உள்ளவர்கள் இருந்ததால் இரண்டாவதை எடுத்தோம்.

வான்கூவரில் இறங்கும் நாளுக்கு விமானங்களை மதியம் ஒரு மணிக்குப் பிறகு போட்டிருந்தோம். அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை வான்கூவர் விமான நிலையத்திலேயே முடித்துவிடுவார்கள், ஆகவே நேரம் கூடுதலாக வேண்டும். நண்பனின் காலாவதி முத்திரையை விமான நிறுவன ஊழியர் ஒருவர் கேள்வி கேட்டார், விதியின் அச்சுப்பிரதியைக் காட்டியதும் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு அனுப்பினார்.

கணக்கு முடித்ததையும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் அறைக்கு அறை தனிக்கணக்கு. மற்ற பொதுச்செலவுகளைக் கைபேசிச் செயலியில் அன்றன்றே ஏற்றினோம். குழுவுக்குக் கிடைத்த இலவசக் கட்டணத்தை யாரும் பங்கு போடவில்லை. வழியில் கப்பல் நின்ற ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பெரியவர்களை மட்டும் தனி வேனில் கூட்டிப்போக அதை எடுத்துவைத்தோம். அங்கே பார்வை மேடை வரை சக்கர நாற்காலி போகும் தார்ப்பாதை இருக்கிறது. அவர்கள் அவசரமில்லாமல் அரைநாள் இருந்துவிட்டு வந்தார்கள்.