எண்பதில் உதறும் லாரி

“எண்பதைத் தொட்டால் உதறுகிறது” என்று லாரியைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் காரணத்தையும் கையோடு கொண்டுவருவார்கள்: வீல் பேலன்ஸ், அது இல்லையென்றால் டயர். பல நேரம் அது சரியாகவே இருக்கும். ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய ஒரு கட்டிச் சேறு போதும், சக்கரம் ஆட.

ஆனாலும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் டிரைவரை உட்காரவைத்துக் கேட்டுவிடுவேன். உதறல் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்பக்கம். லோடு ஏற்றியபோதா, காலியாகப் போகும்போதா? ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதா, விடும்போதா? முதலாளி பதில் சொல்ல வந்தால் பணிவாக நிறுத்திவிடுவேன். அந்த இருக்கையில் நாள் முழுக்க உட்காருவது அவரல்ல.

அடுத்து, நானே கூடப் போய்ப் பார்ப்பேன். பெரிய லாரி டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 7 சுற்று. அந்த உதறலை உடம்பு கிட்டத்தட்ட எண்ணிவிடும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். பின் ஆக்சிலின் பல் விகிதம் 5.5 என்றால், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் ஐந்தரைச் சுற்று சுற்றினால், அதே ஒரு நொடியில் ஷாஃப்ட் 38 சுற்று சுற்றும். அதை எண்ண முடியாது. உள்ளங்காலில் ஒரு ரீங்காரமாக ஏறும். வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறைத்துப் பார்த்தாலும் ரீங்காரம் அப்படியே இருந்தால், இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அண்மையில் வந்த லாரி இந்த ரீங்கார வகை. முன் டயர்கள் புதியவை, அலைன்மென்டும் பார்த்தாகிவிட்டது. “சென்டர் பேரிங் கூடப் புதிதுதான் அண்ணா, அதை மாற்றிய பிறகுதான் இன்னும் மோசம்” என்றார் டிரைவர். இரண்டு துண்டாக வரும் ஷாஃப்ட்டை நடுவில் தாங்குவது அந்த பேரிங்; அதை மாற்ற ஷாஃப்ட்டைக் கழற்றியாக வேண்டும். எனக்கு வேண்டிய வரி அதுதான்.

அடியில் படுத்துப் பார்த்தேன். பின் துண்டு ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள், அதாவது கவை போன்ற பிடிகள், ஒரே நேரில் நிற்க வேண்டும். யோக்குகளைச் சிலுவை வடிவில் இணைக்கும் கிராஸ் ஜாயின்ட் சாய்வாக வேலை செய்யும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஷாஃப்ட்டை வேகப்படுத்தி இருமுறை தாமதப்படுத்தும். மறுமுனை ஜாயின்ட் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும், இரு யோக்குகளும் ஒரே நேரில் இருந்தால் மட்டும். இங்கே பேரிங் மாற்றக் கழற்றியவர்கள் ஸ்லிப் ஜாயின்ட்டை, அதாவது ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல் வைத்த இணைப்பை, ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது கிரீஸுக்கும் துருவுக்கும் அடியில், எதிரெதிரே நிற்க வேண்டிய அம்புக்குறிகள் தெரிந்தன. குழாயில் ஒன்று, ஸ்லிப் யோக்கில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. புதிய பேரிங்கின் ரப்பர் அதற்குள் விளிம்பில் கிழியத் தொடங்கியிருந்தது. முதலாளி அதைப் பார்த்ததும் “பேரிங்தான் மட்டம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாவம், அடி வாங்கியது அது.

அம்புகளைச் சேர்த்துப் பூட்டி, பேரிங்கையும் மாற்றி அனுப்பினேன். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய டிரைவர் முகம் சுளித்தார்: எண்பதில் உதறல் போய்விட்டது, ஆனால் இப்போது பின் ஆக்சிலில் ஓர் ஊளைச் சத்தம் கேட்கிறதாம். முன்பும் இருந்திருக்கும்; உதறலில் கேட்டிருக்காது. ஆயில் அளவைப் பார்க்க மறுபடி அடியில் படுத்தேன்.