வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் மென்பவளங்கள்: ஓராண்டு வளர்ப்பின் குறிப்புகள்

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் 90 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் மென்பவளங்களை மட்டும் வளர்த்து வருகிறேன். சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கட்டியெழுப்பும் கடினப் பவளங்கள் கால்சியத்தையும் காரத்தன்மையையும் நீரிலிருந்து தொடர்ந்து எடுத்துக்கொள்வதால், அந்த இழப்பை நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். மென்பவளங்களோ பெரும்பாலும் சதைக்குள் நுண்ணிய சுண்ணாம்பு முட்களை மட்டுமே கொண்டவை; வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதே அவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இவற்றை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இந்த ஊரில் முதலில் எதிர்கொள்ள வேண்டியது வெப்பம். விளக்கும் மோட்டாரும் ஓடும்போது தொட்டி நீர் 30 டிகிரியை எளிதில் தாண்டிவிடுகிறது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் ஒருசெல் பாசிகளே ஒளிச்சேர்க்கையின் மூலம் அதற்கு உணவின் பெரும்பகுதியை அளிக்கின்றன. நீர் நீண்ட நாட்கள் சூடாகவே இருந்தால் அப்பாசிகள் வெளியேறிப் பவளம் வெளிறிப்போகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூரின் தென்தீவுகளை ஒட்டிய பவளத்திட்டுகளில் பெருமளவில் நிகழ்ந்ததும் இதுவே. நீரைக் குளிரூட்டும் சில்லர் கருவியை வாங்காமல், நீர்ப்பரப்பின் மீது இரண்டு சிறிய விசிறிகளை வைத்து வெப்பத்தை 27 டிகிரி அளவில் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் விசிறி நீரை ஆவியாக்கியே குளிர்விக்கிறது. நீர் போய் உப்பு தங்கிவிடுவதால் உப்புத்தன்மை மெல்ல ஏறும். ஆகவே மட்டம் குறைந்தவுடன் நன்னீரைத் தானாகச் சேர்க்கும் மிதவைக் கருவி விசிறியோடு கட்டாயம் இருக்க வேண்டும். இங்குள்ள குழாய் நீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரமின் கலக்கப்படுகிறது. திறந்து வைத்தால் எளிதில் ஆவியாகிப் போகும் பொருள் அதுவன்று என்பதால், கரி வடிகட்டியுடன் கூடிய ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) கருவியில் தூய்மையாக்கிய நீரையே பயன்படுத்துகிறேன். தொட்டி நீரின் உப்புத்தன்மையைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 அளவில் நிலையாக இருக்கிறது. அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரால் சரிபார்ப்பதைவிட, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள தரக்கரைசலால் சரிபார்ப்பதே நம்பத்தக்கது.

தொட்டியில் நச்சுத்தன்மையுள்ள அமோனியாவும் நைட்ரைட்டும் முற்றிலும் மறைந்து, பழுப்புப் பாசியின் ஆட்டமும் அடங்கிய பிறகே முதல் பவளங்களைச் சேர்த்தேன். டிஸ்கோசோமா காளான் பவளங்களைக் குறைந்த ஒளியும் மெதுவான நீரோட்டமும் உள்ள அடிப்பாறையில் வைத்தேன். பச்சை நட்சத்திர பாலிப் என்னும் மென்பவளத்தை மற்றப் பாறைகளோடு ஒட்டாமல் மணலின் நடுவே தனிக்கல்லில் வைத்தேன். அதன் ஊதாநிறப் பாய் தொட்ட இடமெல்லாம் படர்ந்து அண்டைப் பவளங்களை மூடிவிடும் இயல்புடையது. நீரை மிகத் தூய்மையாக வைக்க வேண்டும் என்ற எண்ணம் இப்பவளங்களுக்குப் பொருந்தாது. நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவு) வரை இருக்கும்போதுதான் என் காளான்கள் நன்றாக விரிகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமாகிவிட்ட தொட்டிகளில் பவளங்கள் சுருங்குவதோடு, டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பிசுபிசுத்த நுண்ணுயிரும் பரவ வாய்ப்பு மிகுதி.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது சார்கோஃபைட்டான் என்னும் குடைக்காளான் வடிவத் தோல் பவளம். வந்த சில வாரங்களில் அது தன் பாலிப்களை, அதாவது பூப்போல விரியும் சிறு உயிரிகளை, எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு, நிறம் மங்கிச் சுருங்கி, குடையின் மேல் மெழுகுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டது. தோல் பவளங்கள் தம்மீது படியும் பாசியையும் கசடையும் களைவதற்காக அவ்வப்போது மேற்படலத்தை உரித்துப் போடுகின்றன. இது சில நாட்களிலும் முடியலாம், சில வாரங்கள் நீடிக்கவும் செய்யலாம். நீரின் அளவுகள் சரியாக இருந்ததால் அதை இடம் மாற்றவில்லை, எந்த மருந்தும் சேர்க்கவில்லை. நீரோட்டத்தை மட்டும் சற்றுக் கூட்டினேன். படலம் துண்டு துண்டாகக் கழன்ற பிறகு குடை முன்னிருந்ததைவிட அகலமாக விரிந்தது. தண்டு உறுதியாகவும், அழுகல் நாற்றம் இல்லாமலும் இருக்கும்வரை கை வைக்காமல் காத்திருப்பதே இதற்கான சிறந்த பராமரிப்பு என்பதை அழுத்தமாகச் சொல்வேன்.

இப்பவளங்கள் மென்மையானவையே தவிர, தற்காப்பு அற்றவையல்ல. தோல் பவளங்கள் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு அண்டைப் பவளங்களின் வளர்ச்சியைத் தடுக்கும். சிறிய தொட்டியில் அதன் தாக்கம் விரைவாகத் தெரியும். அதற்காகச் செயலூட்டிய கரியை வடிகட்டியில் வைத்து மாதந்தோறும் மாற்றுகிறேன். பவளங்களோடு விற்கப்படும் ஸோவாந்தஸ் என்னும் பாலிப் வகைகளை வாங்க விரும்புவோர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அவற்றுள் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவா இனத்தில், பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் அவற்றை வெட்டக் கூடாது. அவை ஒட்டியிருக்கும் பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்கக் கூடாது, ஏனெனில் ஆவியோடு அந்நஞ்சை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்திருக்கிறது.

கடைசியாகச் சேர்ந்தது ஸீனியா என்னும் மென்பவளம். உள்ளங்கையை விரித்து மூடுவதைப் போல அது பாலிப்களை ஓயாமல் அசைப்பதை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதன் நெருங்கிய உறவான ஹெட்டெரோஸீனியாவைச் செங்கடலில் ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, இந்த அசைவு திசுவில் தேங்கும் ஆக்ஸிஜனை அகற்றி ஒளிச்சேர்க்கையைப் பெருக்குகிறது என்று காட்டியது. இதுவும் விரைவாகப் படரக்கூடியது என்பதால் இதற்கும் தனிக்கல்லே கொடுத்திருக்கிறேன்.

தோல் பவளத்தின் குடை இப்போது மேல்விளிம்பின் ஒளியை மறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அடுத்த நீர்மாற்றத்துக்கு முந்தைய நாள் குடையின் ஓரத்தைக் கூரிய கத்தியால் வெட்டி, துண்டைச் சிறு கல்லோடு ரப்பர் வளையத்தால் தளர்வாகக் கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் வைக்கப் போகிறேன். வெட்டியவுடன் புதிய கரியைச் சேர்க்க வேண்டும்.