கை மூட்டு ஸ்கேன்: இரண்டு பயணம் வீணான பிறகு தெரிந்தவை

"இரு கைகளிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை." அத்தையின் கைக்கு எடுத்த முதல் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் இருந்தது இந்த ஒரே வரிதான். அன்று காலையும் அத்தைக்கு விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே முட்டிகளில் தெரியவேண்டிய பள்ளம் வீங்கித் தூர்ந்து கிடந்தது. ஐந்து வாரம் கழித்து வேறு ஊரில், வேறு மெஷினில் பார்த்தபோது அதே முட்டியில் பவர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் புள்ளிகளாகக் காட்டும் ஸ்கேன் முறை) 0 முதல் 3 வரையான அளவில் தரம் 2.

ஆர்.ஏ. ஃபேக்டர் (சரவாங்கிக்கான ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ், எக்ஸ்ரே சுத்தம். அதனால்தான் மூட்டுவாத டாக்டர் ஸ்கேன் கேட்டார். சரவாங்கியில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ஆர்.ஏ. ஃபேக்டர் வராமலே போகலாம். எலும்பு அரிப்பு (நோயால் எலும்பு அரிபட்டுப் பள்ளமாவது) எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே அல்ட்ராசவுண்டில் தெரியலாம். மேட்டூர் திறந்து குறுவை நடவு ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதால், வீட்டில் எல்லோரும் நடவு வலி என்றே நினைத்தார்கள். வேலையால் வரும் வலி பெரும்பாலும் படுத்து எழுந்தால் குறையும். இது தூங்கி எழும்போதுதான் உச்சத்தில் இருக்கும். நடவு ஆட்களுக்கு இந்த வித்தியாசத்தை யாராவது சொன்னாலே பாதி நாள் மிச்சம்.

முதல் பயணம் வீணானது போனிலேயே ஆரம்பித்தது. வெறும் வயிற்றில் வரவேண்டும், தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைக்கவேண்டும் என்றார்கள். அது வயிற்று ஸ்கேனுக்கு. கைக்கு இரண்டுமே தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, பட்டினியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு, ஐந்து நிமிடத்தில் இரண்டு கையும் முடிந்தது. வயிற்றுக்கு வைக்கும் வளைந்த புரோப்பையே (தோலில் வைத்துப் பார்க்கும் கருவி) கையிலும் வைத்தார்கள். கேட்டதற்கு, "எல்லாம் ஒரே ஸ்கேன்தாம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

ஒரே ஸ்கேன் இல்லை. வளைந்த புரோப்பின் அதிர்வெண் சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். ஆழமாகப் போகும், ஆனால் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டரில் இருக்கும் மூட்டு உறையைப் பிரித்துக் காட்டாது. விரலுக்குத் தட்டையான முகம் கொண்ட லீனியர் புரோப் வேண்டும். குறைந்தது 10 மெகாஹெர்ட்ஸ், 15க்கு மேல் இருந்தால் நல்லது. ஹாக்கி மட்டை வடிவத்தில் சின்ன புரோப் இருந்தால் விரல் இடுக்கிலும் நுழையும். கிளம்புவதற்கு முன் போனில் மூன்றே கேள்வி கேளுங்கள்: லீனியர் புரோப் எத்தனை மெகாஹெர்ட்ஸ், கை மூட்டுக்குப் பவர் டாப்ளர் போடுவீர்களா, மூட்டு ஸ்கேன் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் எந்த நாளில் இருப்பார். கவுண்டரில் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

இரண்டாவது இடத்தில் புரோப் சரி, டாப்ளரும் போட்டார்கள். "லேசான தடிப்பு, ரத்த ஓட்டம் இல்லை" என்று வந்தது. எனக்கு இன்னும் ஆறாதது இந்தப் பயணம்தான், ஏனென்றால் தப்பு மூன்று பக்கமிருந்து சேர்ந்து வந்தது.

முதலாவது மாத்திரை. மெடிக்கலில் மூன்று வேளைக்கு மடித்துக் கொடுத்த கதம்ப மாத்திரையை அத்தை ஒரு வாரமாகச் சாப்பிட்டிருந்தார். அதில் ஒன்று ஸ்டீராய்டு. ஸ்டீராய்டும், ஓரளவுக்கு வலி மாத்திரையும் டாப்ளர் சிக்னலை அமுக்கிவிடும். நோய் உள்ளேயே இருக்கும், படத்தில் மட்டும் அடங்கித் தெரியும். மூட்டுவலிக்கு என்று விற்கும் சில நாட்டுமருந்துப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. சாப்பிடுவது எதுவானாலும் அட்டையோடு, பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்கேனுக்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நாள்பட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எதை எத்தனை நாள் முன்பு நிறுத்தலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இரண்டாவது குளிர். ஏசி அறை, அதற்கு முன் சேறு போகப் பச்சைத் தண்ணீரில் கழுவிய கை. குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறையும், டாப்ளரில் புள்ளி விழாது. உள்ளே போகும் முன் பத்து நிமிடம் கையைத் துணியில் சுற்றிச் சூடாக வைத்திருங்கள்.

மூன்றாவது அழுத்தம். வீங்கிய மூட்டின் நுண்குழாய்கள் புரோப்பை லேசாக அழுத்தினாலே மூடிக்கொள்ளும். ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, புரோப் அந்த ஜெல்லின் மேல் மிதக்கிற மாதிரி பிடிக்கவேண்டும். திரையில் தோலுக்கும் புரோப்புக்கும் இடையே ஜெல் பட்டை தெரிந்தால் சரியாகப் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். கை தட்டையாக மேசையில், விரல்கள் தளர்வாக இருக்கட்டும். விரலை விறைத்து நீட்டினாலும் இறுக மடக்கினாலும் உறை இழுபட்டுச் சிக்னல் போய்விடும். மெஷினைக் கழுத்து ரத்தக்குழாய்க்கு வைத்த செட்டிங்கிலேயே விட்டால் மெதுவான ஓட்டம் பதியாது. பி.ஆர்.எஃப் (நொடிக்கு அனுப்பும் ஒலித்துடிப்புகளின் எண்ணிக்கை) 1 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கோ அதற்குக் கீழேயோ இறங்க வேண்டும், வால் ஃபில்டர் (மெதுவான ஓட்டத்தை வடிகட்டிவிடும் செட்டிங்) குறைவாக இருக்க வேண்டும், கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) இரைச்சல் புள்ளிகள் மறையும் வரை மட்டும் குறைக்க வேண்டும்.

மூன்றாவது முறை சீட்டையே மாற்றி எழுதி வாங்கினோம். "இரு கை அல்ட்ராசவுண்ட்" என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகத்தான் ரிப்போர்ட் வரும். டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: இரு மணிக்கட்டு, விரல் முட்டிகள், நடுக்கணுக்கள், புறங்கை, உள்ளங்கை இரு பக்கமும், கிரே ஸ்கேல் (உறைத் தடிப்பைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்), பவர் டாப்ளர் இரண்டுக்கும் 0 முதல் 3 வரை தரம், தசைநாண் உறை வீக்கம், எலும்பு அரிப்பு. இரண்டு கையிலும் சேர்த்து 22 மூட்டு. அரை மணிக்குக் குறைந்து நேர்மையாகப் பார்க்க முடியாது. காலையில் கர்ப்பிணிகள் வரிசை இருக்கும், எனவே மதியம் இரண்டு மணிக்கு மேல் கேளுங்கள். மோதிரம், வளையல் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வீங்கிய விரலில் மோதிரம் சிக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் தேடி அலைந்தோம்.

நல்ல டாக்டர் ஆள்காட்டி விரல் முட்டியைக் கட்டைவிரல் பக்கமிருந்தும், சுண்டுவிரல் முட்டியை வெளிப்புறத்திலிருந்தும், மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முனையையும் தனியாகப் பார்ப்பார். அரிப்பு அதிகம் ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. முட்டியின் மேல்பக்கம் எலும்பில் இயற்கையாகவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதை அரிப்பு என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணத்திலும் எலும்புக்கோடு அறுந்து தெரிந்தால்தான் அரிப்பு. தசைநாணும் ஏமாற்றும்: புரோப் சாய்ந்தால் கறுத்துத் தெரியும், நேராக்கினால் வெளுத்துவிடும். உண்மையான வீக்கம் நேராக்கினாலும் போகாது.

ரிப்போர்ட்டில் கிரே ஸ்கேல் தரம் 1 மட்டும் இருந்து, டாப்ளர் 0 என்றால் பயந்துவிட வேண்டாம். வயதானவர்களிடமும் தேய்மானம் உள்ளவர்களிடமும் அது சாதாரணமாகவே தெரியும். டாப்ளர் தரம் 2 என்றால் புள்ளிகள் ஒன்று சேர்ந்து, தடித்த உறையின் பாதிக்குள் பரவியிருக்கிறது. பாதிக்கு மேல் போனால் 3. வெறும் நீர் என்றால் அழுத்தினால் நகரும், டாப்ளர் ஏறாது. "மூட்டில் நீர்" என்று மட்டும் எழுதியிருந்தால் உறைத் தடிப்பு உண்டா இல்லையா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு போனில் பதில் வாங்குவது மிகக் கஷ்டம்.

படங்கள் வரும் வழவழப்புத் தாள் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிடி கொடுப்பார்கள் என்றால் அதையும் கேளுங்கள்.

இப்போது வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் (சரவாங்கி மருந்து) ஆரம்பித்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறை என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம், தினமும் போட்டால் விஷம். அடுத்த ஸ்கேனுக்கும் அதே இடம், அதே டாக்டர், அதே மெஷின் என்று முடிவு. மெஷின் மாறினால், சிக்னல் குறைந்ததற்குக் காரணம் நோய் அடங்கியதா, செட்டிங் மாறியதா என்று பிரிக்க முடியாது. புரோப் அதிர்வெண்ணையும் பி.ஆர்.எஃப் அளவையும் பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கம் எழுதி வாங்கியிருக்கிறேன்.