பாட்டியின் பூந்தோட்டம்: ஒரு பழைய குவில்ட்டின் வயதைக் கண்டறிந்து பேணிய அனுபவம்

அமெரிக்காவின் ஒஹாயோவில் எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி, தலைமுறைகளாகத் தம் குடும்பத்தில் இருந்துவரும் குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைத்த போர்வை) ஒன்றைச் செப்பனிடுவதற்காக என்னிடம் கொடுத்தார். அது 1861க்கும் 1865க்கும் இடையில், உள்நாட்டுப் போர்க் காலத்தில், தம் கொள்ளுப்பாட்டி தைத்தது என்று கேட்டே வளர்ந்தவர் அவர். சிறிய அறுகோணத் துண்டுகளை, நடுவில் மஞ்சளும் சுற்றிலும் வண்ண வளையங்களுமாகப் பூப்பூவாக இணைக்கும் இந்த அமைப்பைப் 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று அழைப்பார்கள்.

அறுகோணத் தையல் 19ஆம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்ததால், அமைப்பை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்லிவிட முடியாது. இருக்கும் துணிகளுள் மிகப் புதியது எதுவோ, அது நெய்யப்படுவதற்கு முன் அந்தக் குவில்ட் முழுமை பெற்றிருக்க இயலாது என்பதே நான் முதலில் கைக்கொள்ளும் விதி. பூக்களுக்கு இடையே ஓடிய பச்சை, 1930களில் மிகவும் விரும்பப்பட்ட வெளிர் பச்சை. பின்புறத்துப் பூப்போட்ட துணியின் ஓரத்தில் பெரிய துளைகள் ஒரே வரிசையில் தெரிந்தன. மாவும் கோழித்தீவனமும் அடைத்து விற்ற பருத்திச் சாக்குகளைத் தடித்த நூலால் சங்கிலித் தையலிட்டு மூடுவார்கள். அதைப் பிரித்தெடுத்த தடமே அந்தத் துளை வரிசை. பூப்போட்ட சாக்குகள் 1920களின் நடுவிலிருந்துதான் பரவின என்பதால், போர்க் காலக் கதை இங்கேயே நின்றுவிட்டது.

இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது விளிம்புப் பட்டியைத் தைத்த நூல் மட்டும் நீலமாக ஒளிர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய வெண்மையூட்டிகள் அப்படி ஒளிரும். ஆகவே அந்தப் பட்டி பின்னாளில் மாற்றப்பட்டது என்று குறித்துக்கொண்டேன். (புதிய சலவைத்தூளில் துவைத்தாலும் பழைய துணி ஒளிரும் என்பதால், இச்சோதனையைத் தனியாக நம்பக்கூடாது.)

என்னை மிகவும் ஈர்த்தது, முற்றிலும் இற்றுப்போயிருந்த ஒரு பழுப்பு அறுகோணம். இரும்பு உப்பைக் கொண்டு நிறமேற்றிய 19ஆம் நூற்றாண்டுத் துணிகள், அந்த இரும்பாலேயே நாளடைவில் அரிக்கப்பட்டுப் பொடியும். சுற்றியுள்ள துணிகள் திடமாக இருக்க இது மட்டும் பொடிந்திருப்பதால், வீட்டுத் துணிப்பையில் கிடந்த பழந்துண்டாக இருக்கலாம் என்று மூதாட்டியிடம் சொன்னேன். அது கொள்ளுப்பாட்டியின் உடையிலிருந்து வந்ததா என்று ஆவலுடன் கேட்டார்; அதை உறுதிப்படுத்தும் சான்று துணியில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிறத்திலும் ஒற்றிப் பார்த்ததில் சிவப்பு கசிந்தது. எனவே நீரில் நனைக்காமல், மேலே வலையை விரித்துக் குறைந்த உறிஞ்சுவிசையில் தூசியை மட்டும் அகற்றினேன். பழுப்புத் துண்டை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பது எளிது. ஆனால் குவில்ட்டின் வரலாற்றில் ஒரு பகுதி அத்துடன் போய்விடும். அதனால் அதே நிற மெல்லிய வலைத்துணியால் மூடி, அக்கம்பக்கத்துத் திடமான துணியில் மட்டும் ஊசியேற்றித் தைத்தேன்.

மடிப்புகளுக்குள் அமிலமற்ற தாளைச் சுருட்டி வைத்து, துவைத்த கோராத்துணியில் சுற்றியிருக்கிறேன். பிளாஸ்டிக் உறையும், மரப்பலகையில் நேரடியாக வைப்பதும், மேல்மாடப் பரணின் வெப்பமும் கூடாது என்றும், சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு கோட்டில் மடிக்க வேண்டும் என்றும் மூதாட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். குடும்பக் கதையையும் துணி காட்டும் காலத்தையும் தனித்தனியே குறித்த பருத்திப் பட்டி ஒன்றைப் பின்புற மூலையில் தைப்பதே எஞ்சியுள்ள வேலை.